முதலில் கருவியைச் சந்தேகப்படு

பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சந்தேகம் மேடம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் இதெல்லாம் காதுக்கு வராமலா போகும்? வந்தது. அவள் கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள். அந்தப் பெருமைதான் பிற்பாடு அவள் கழுத்தை அறுத்தது. அதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

பருவநிலை மாறி நகரம் கொதிக்கிறதே, அந்தக் கொதிப்பு மனுஷ உடம்பை என்ன பாடு படுத்துகிறது என்று ஆராய வரும் இளசுகளுக்கு வேலை கற்றுக்கொடுப்பது அவள் உத்தியோகம். படிப்பு முடித்த கையோடு வருவார்கள். டாக்டருக்குப் படித்தது ஒன்று, கட்டடம் கட்டப் படித்தது ஒன்று, வானிலை படித்தது ஒன்று என்று ஆளுக்கொரு பட்டம். அடுத்தவர் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அங்கிருந்துதான் அவள் தொடங்க வேண்டும்.

"தட்டிட்டு ரெண்டடி தள்ளி நில்லுங்க. மூஞ்சிக்கு நேரா நின்னா போலீஸ் வந்துட்டாங்கன்னு பயந்துடுவாங்க. கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. பதிலையும் நீங்களே ஊட்டி விடாதீங்க. முக்கியமா, தூங்கறவங்களை எழுப்பாதீங்க. ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு வந்து இப்பதான் கண்ணை மூடியிருப்பாங்க. அவங்க தூக்கத்தைக் கெடுத்துட்டு அவங்க உடம்பைப் பத்தி ஆராய்ச்சி பண்றது எந்த ஊரு நியாயம்?"

இதையெல்லாம் அவள் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து கொசுப்புழு பார்த்தவள். பகலெல்லாம் அந்த வேலை, சாயங்காலம் கல்லூரி என்று படித்து மேலே வந்தாள். கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "உங்க வீட்டு அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அவளுக்கென்று இருந்தது ஒரு தம்பி. அம்மா போனபோது அவன் அரைக்கால் சட்டைப் பையன். அதிலிருந்து அவனுக்கு அவள்தான் அக்கா, அவள்தான் அம்மா, முதுகில் ரெண்டு வைக்க வேண்டிய நேரத்தில் அப்பாவும் அவள்தான்.

அந்தத் தம்பி வளர்ந்து, மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்தான். கம்பளித் தொப்பியும் கையுறையுமாக விடிய விடியப் பெட்டி தூக்குவான். விடிந்ததும் வீட்டுக்கு வந்து படுப்பான். வீடு என்றால் நாலு மாடிக்கும் மேலே, மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒற்றை அறை. அவன் மனைவிக்கு அரசு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் பகல் வேலை. அவன் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள். ரெண்டு பேரும் படியில் பார்த்துக்கொள்வதுதான் குடித்தனம் என்று அவனே கேலி செய்வான்.

"ராத்திரி ஃப்ரிட்ஜுக்குள்ள, பகல்ல அடுப்புக்குள்ள. நடுவுல படி ஏறி இறங்கற நேரம்தான்க்கா நான் மனுஷன்."

"கீழ் மாடிக்கு வாடான்னா கேக்கறியா?"

"கீழ போனா உன் பிள்ளைங்களுக்கு ஆராய்ச்சி பண்ண ஆள் யாரு?"

அதுவும் உண்மைதான். புதிதாக வரும் பிள்ளைகள் தடுமாறிப் பழக ஒரு வீடு வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் போய் ஆணி அடிக்கும்போது சுண்ணாம்பைப் பெயர்த்தால் அடுத்த தடவை கதவு திறக்காது. அதனால் தம்பி வீட்டையே பயிற்சி வீடு ஆக்கிவிட்டாள். சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைக் கருவி, கதவுக்குப் பக்கத்துச் சுவரில், நெஞ்சு உயரத்தில் தொங்கும். அறையின் சூட்டை அளந்து அளந்து அலுவலகத்துத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் வீட்டுக்கொரு கட்டம். பச்சை என்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து.

சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு காலத்தில் அவளும் நம்பினாள். போன வருஷத்தில் ஒரு நாள் ஒரு கட்டம் சிவந்தது. அடித்துப் பிடித்துச் சுகாதார அதிகாரியைக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது, தண்ணீர் லாரி வந்தது, தெருவே கூடிவிட்டது. போய்ப் பார்த்தால், அந்த வீட்டுக்காரம்மா சுவரைத் துடைக்கக் கருவியைக் கழற்றி ஃப்ரிட்ஜின் பின்பக்கம் வைத்திருக்கிறாள். அதிகாரி எல்லார் முன்னாலும், "மேடம், அடுத்த தடவை ஃப்ரிட்ஜுக்குக் காய்ச்சல் வந்தா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அவளுக்கு மானம் போய்விட்டது. நிறுவனத்து இயக்குநர் பயிற்சியையே இழுத்து மூடப் பார்த்தார்.

அது போதாதென்று தம்பி வேறு. ஒரு நாள் டீ போடும்போது கருவியைக் கழற்றி அடுப்புக்கு மேலே பிடித்திருக்கிறான். அவள் பதறிக்கொண்டு ஃபோன் செய்தால், "நீ பதறுறியான்னு பாத்தேன்க்கா" என்று கெக்கேபிக்கே என்று சிரிக்கிறான். நேரே போய் அவள் திட்டிய திட்டு இன்னும் அந்த மாடிப்படியில் இருக்கும்.

அதன் பிறகுதான் அந்த விதி பிறந்தது. வகுப்பின் முதல் நாளே அவள் அதைச் சொல்லிவிடுவாள். "கட்டம் சிவந்தா முதல்ல கருவியைச் சந்தேகப்படு. யாருக்கும் ஃபோன் போடாத, ஊரைக் கூட்டாத. போய்க் கருவியை மாத்து. புதுக் கருவியும் அதையே சொன்னாத்தான் அது நிஜம்."

அதற்கு அடுத்த வருஷத்துப் பிள்ளைகளில் ஒரு பல் டாக்டர் இருந்தான். பல் பிடுங்க அலுத்துப்போய் இந்தப் பக்கம் வந்தவன். அவன்தான் எழுந்து கேட்டான்.

"மேடம், ரெண்டாவது கருவி சொல்றதுக்குள்ள முதல் கருவி சொன்னது நிஜமா இருந்துட்டா?"

"நீ பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி எது சொத்தைப் பல்லுன்னு பாப்பியா, இல்ல கைக்கு வந்ததைப் பிடுங்குவியா?"

வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண் மட்டும் சிரிக்காமல் விதியை எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள். புள்ளியியல் படித்துவிட்டு வந்ததால் அவளுக்குப் புள்ளி என்று பெயர். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான பெண். ஒன்றைச் சொன்னால் சொன்னபடி செய்வாள், ஒரு இம்மி பிசகாது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மாணவி அமைந்ததில்லை என்று சந்தேகம் மேடம் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாரம் சரியில்லை. ராத்திரியிலும் சூடு இறங்கவில்லை. காலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. தெருநாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டுச் சாக்கடைக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டன. காய்கறிக்காரர் மத்தியானத்துக்கு முன்பே கடையைக் கட்டினார். இரண்டு தெரு தள்ளி ஒரு கொத்தனார் சாரத்திலேயே சுருண்டு விழுந்தார் என்று பேச்சு. வானத்தில் மேகமும் இல்லை, நீலமும் இல்லை. யாருக்கும் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

அந்த வாரத்தில்தானா வர வேண்டும் அவர்கள்? பயிற்சிக்குப் பண உதவி செய்யும் அமைப்பிலிருந்து இரண்டு பேர் பார்வையிட வருவதாக ஏற்பாடு. பயிற்சி தொடருமா இல்லையா என்பது அவர்கள் கையில். அன்று காலை அவள் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து ஃபோன் வந்தது. குரல் கம்மியிருந்தது.

"சளிக்கா. உடம்பு வேற காயுது. மாத்திரை போட்டுட்டுப் படுக்கப் போறேன்."

"என்ன மாத்திரைடா?"

"அதான், மூக்கும் நிக்கும் தூக்கமும் வரும், அந்த மாத்திரை. கிடங்குல எல்லாரும் அதைத்தான் போடறாங்க."

அந்த மாதிரி மாத்திரை வியர்வையை நிறுத்திவிடும், வியர்க்காத உடம்பு வெயில் காலத்தில் சூட்டை வெளியே விடாது. இதை அவளே ஒரு வகுப்பு முழுக்கப் பாடமாக எடுப்பவள். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இயக்குநர் கதவில் தலையை நீட்டி, "வந்துட்டாங்க, வாங்க வாங்க" என்றார்.

"தண்ணி நிறையக் குடிச்சிட்டுப் படுடா. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

வந்தவர்களில் ஒருவர் எதற்கெடுத்தாலும் தலையாட்டும் மனிதர். இன்னொருவர் கண்ணாடி போட்ட அம்மாள், கேள்விக்கு மேல் கேள்வி கேட்பவர். குளிரூட்டிய அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் கற்றதைச் சொன்னார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. உச்சிப்பொழுது நெருங்கும் நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் மஞ்சளைத் தாண்டிச் சிவந்தது.

பயிற்சி வீடு.

"அது என்ன சிவப்பு?" என்றார் கண்ணாடி அம்மாள்.

காலையில் கேட்ட தம்பியின் கம்மிய குரல் அவளுக்கு ஞாபகம் வந்தது. இல்லை என்று சொல்ல முடியாது, வந்தது. ஆனால் அதன் கூடவே ஃப்ரிட்ஜும் ஞாபகம் வந்தது, தம்பியின் கெக்கேபிக்கேயும் ஞாபகம் வந்தது. இயக்குநர் வேறு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக்கடியில் ஃபோனை வைத்துத் தம்பிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

பல் டாக்டர் அவள் பக்கம் குனிந்தான். "மேடம், ஒரு எட்டு போய் அவரைப் பாத்துட்டு வரட்டுமா?"

"அவன் பகல்ல செத்தவன் மாதிரி தூங்குவான். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்" என்று கிசுகிசுத்தாள். அந்த வார்த்தையை அவள் அதற்குப் பிறகு எத்தனை முறை நினைத்து நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாளோ.

பிறகு எழுந்து நின்று, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு. இப்படி ஒண்ணு வந்தா நம்ம பிள்ளைங்க எப்படிக் கையாள்றாங்கன்னு நேராவே பாத்துடலாம். புள்ளி, என்ன செய்யணும்?"

"முதல்ல கருவியைச் சந்தேகப்படணும் மேடம். யாரையும் பதற வைக்காம போய் மாத்தணும்."

"போய்ட்டு வா."

தம்பி வீடு நடந்து போகிற தூரம்தான். புள்ளி புதுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினாள். அறைக்குள் பேச்சு தொடர்ந்தது. சந்தேகம் மேடம் நன்றாகவே பேசினாள். நாங்கள் அவசரப்பட்டு ஊரைக் கூட்டுவதில்லை, ஒவ்வொரு எண்ணையும் உறுதி செய்த பிறகே வாய் திறப்போம் என்றாள். தலையாட்டும் மனிதர் இன்னும் பலமாகத் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் திரையில் அந்தக் கட்டம் அணைந்தது. பழைய கருவியைக் கழற்றிவிட்டாள் என்று அர்த்தம்.

புள்ளி திரும்பி வந்தபோது முகமெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கியது. பழைய கருவியை மேஜையில் வைத்தாள்.

"மாத்திட்டேன் மேடம். கதவு ஒருக்களிச்சுதான் இருந்துச்சு. சார் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிட்டு இருந்தார். எழுப்பல. சத்தமே போடாம கழட்டி மாட்டிட்டு வந்துட்டேன்."

"பாத்தீங்களா?" என்றாள் சந்தேகம் மேடம். கண்ணாடி அம்மாள் கை தட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

பல் டாக்டர் தட்டவில்லை. அவன் மேஜையில் இருந்த பழைய கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் சின்னக் கண்ணாடியில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி இறங்கி, அறைச் சுவரில் மாட்டியிருந்த இன்னொரு கருவி காட்டும் எண்ணுக்கே வந்து நின்றது.

"மேடம்" என்றான். "இது நல்லாத்தான் வேலை செய்யுது."

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். அணைந்திருந்த கட்டம் மறுபடி உயிர் பெற்றிருந்தது. புதுக் கருவி பேச ஆரம்பித்துவிட்டது. கட்டம் சிவப்பு.

"அதுவும் கோளாறா?" என்று கேட்டார் கண்ணாடி அம்மாள்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பல் டாக்டரும் புள்ளியும் நிறுவனத்து வேனின் டிரைவரும் பின்னாலேயே ஓடினார்கள். கொதிக்கும் தெருவில் வெறுங்காலோடு ஓடி வந்து வேனில் விழுந்தவள், "எடுப்பா, எடுப்பா" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாடியையும் நிற்காமல் ஏறினாள்.

கதவு ஒருக்களித்தே இருந்தது. உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றி, தகரத்திலிருந்து இறங்கும் அனலை அப்படியே வாரி அவன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர், தொடாமலே இருந்தது. முகத்தைத் திருப்பினாள். ஒரு சொட்டு வியர்வை இல்லை. தோல் காய்ந்து, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது.

"சூடாத்தான் இருக்கு! உடம்பு சூடாத்தான்டா இருக்கு, உயிர் இருக்கு! தூக்குங்கடா!" என்று கத்தினாள். செம்புத் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தாள். கன்னத்தில் அறைந்தாள். "டேய், எழுந்திருடா. விளையாடாத. அக்கா வந்திருக்கேன்டா, பாருடா."

பல் டாக்டர் அவன் கழுத்தில் விரல் வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தான். சூடான அறையில் கிடக்கிற உடம்பு, உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூடாகத்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவளே சொல்லிக்கொடுத்ததுதான். அவன் வாயைத் திறக்காமல் கால் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான்.

அரசு ஆஸ்பத்திரியில் தம்பியை உள்ளே கொண்டு போனார்கள். ரொம்ப நேரம் ஆகவில்லை. டாக்டர் வெளியே வந்து, "வரும்போதே உயிர் இல்லம்மா" என்றார். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வந்தது.

துணி வெளுக்கும் கட்டடத்திலிருந்து தம்பியின் மனைவியை யாரோ கூட்டி வந்தார்கள். கையில் இன்னும் சோப்பு நுரை. விஷயத்தைச் சொன்னதும் அவள் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்த புள்ளியைத்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதானேம்மா முதல்ல உள்ள போனது?"

புள்ளி தலையாட்டினாள்.

"அப்ப அவருக்கு மூச்சு இருந்துச்சா?"

"எனக்குத் தெரியலக்கா." புள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கருவியைத்தான் பார்த்தேன்."

சந்தேகம் மேடம் குறுக்கே வந்தாள். "அவளைக் கேக்காதம்மா. பச்சப்புள்ள. நான் சொன்னதைத்தான் செஞ்சா. எதுவா இருந்தாலும் என்னைக் கேளு."

"சரி அண்ணி. நீங்க சொல்லுங்க. அவர் எத்தனை மணிக்குப் போனார்?"

அந்த அறை காலையில் எப்போது சுட ஆரம்பித்தது, எப்போது மஞ்சளுக்கு வந்தது, எப்போது சிவந்தது, எல்லாவற்றையும் அவளால் நிமிஷம் தவறாமல் சொல்ல முடியும். இதை மட்டும் எந்தக் கருவியும் அவளுக்குச் சொல்லவில்லை. "தெரியலம்மா" என்றாள்.

"அதுகூடத் தெரியாதுன்னா, எதுக்கு அண்ணி அந்தக் கருவியைக் கொண்டு வந்து எங்க வீட்டுல மாட்டினீங்க?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் கணவன் கிடந்த அறைக்குள் போனாள்.